கைக்கு வராத எழுத்து: எழுதச் சிரமப்படும் பிள்ளைக்கு வீட்டிலும் பாடசாலையிலும் உதவுதல்



ஊர் திரும்பி, காணி துப்பரவாக்கி, கிணறு இறைத்து, தறப்பாளுக்குக் கீழே அடுப்பு மூட்டிய பின் நீங்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்ததுதான். வீடும் தோட்டமும் ஆடு மாடும் போனாலும் பிள்ளையின் படிப்பாவது மிஞ்ச வேண்டும் என்று நினைத்தே அதைச் செய்தீர்கள். அந்தப் பிள்ளை ஒரு நாள் கொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, "நான் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டன்" என்று அழுதால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அப்படி அழும் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைப் பற்றியது இந்தப் பாடம். நன்றாக யோசிக்கவும் நன்றாகப் பேசவும் தெரிந்த இந்தப் பிள்ளைகளுக்கு, எழுதும்போது மட்டும் கை சொல்வழி கேட்பதில்லை.

ஒரு பிள்ளையை நினைத்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், "தம்பி" என்றே அழைப்போம். வயது 8. தரம் 3 இல் படிக்கிறான். அம்மம்மா சொன்ன கதையை ஒரு சொல் தவறாமல் திருப்பிச் சொல்லுவான். கடைக்குப் போனால் மிச்சக்காசைச் சரியாக எண்ணி வருவான். ஆனால் கரும்பலகையில் உள்ள ஐந்து வரியைப் பார்த்து எழுதச் சொன்னால், மற்றப் பிள்ளைகள் முடித்து வெளியே ஓடும்போது இவன் இரண்டாவது வரியில் நிற்பான். எழுத்துகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். சில கோட்டுக்கு மேலே பறக்கும், சில கீழே விழும். பென்சிலை அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்துவிடும்.

வீட்டிலும் சில விடயங்கள் தெரியும். சட்டைத் தெறி பூட்ட நெடுநேரம் எடுப்பான். சோறு குழைத்தால் பாதி பாயில் கிடக்கும். வெறும் நிலத்திலும் தடக்கி விழுவான். பந்தை எறிந்தால் பிடிக்கமாட்டான். அதனால் மற்றப் பிள்ளைகள் அவனை விளையாட்டில் சேர்ப்பது குறைவு.

அப்பா "பஞ்சி" என்கிறார். அம்மா "செல்லடியில் பயந்ததால் வந்தது" என்கிறார். வகுப்பில் சில பிள்ளைகள் "மொக்கன்" என்கிறார்கள். இந்த மூன்று பெயரும் அவனுக்குப் பொருந்தாமல் இருக்கலாம்.

டிஸ்பிரக்சியா என்றால் என்ன?

இப்படியான சிரமத்துக்கு "டிஸ்பிரக்சியா" என்று பெயர். மூளை போடும் திட்டத்துக்கு ஏற்ப உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதில் ஏற்படும் குறைபாடு என்று எளிமையாகச் சொல்லலாம். கையில் பலம் இல்லாததால் வருவதல்ல. புத்தி குறைவால் வருவதும் அல்ல.

நீங்கள் சைக்கிள் ஓடப் பழகிய முதல் நாளை நினைத்துப் பாருங்கள். ஹாண்டிலைப் பிடிக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், பாதையைப் பார்க்க வேண்டும், விழாமலும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யோசித்தீர்கள். சில நாட்களில் கால் தானாக மிதிக்கத் தொடங்கியது. எழுத்தும் அப்படித்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பழகப் பழக எழுத்து தானாக வரும். டிஸ்பிரக்சியா உள்ள பிள்ளைக்கோ ஒவ்வொரு எழுத்தும் சைக்கிள் ஓடப் பழகும் முதல் நாள்தான். எழுத்தின் வடிவத்தை யோசித்து முடிக்கும்போது, எழுத வந்த விடயம் மறந்துபோகிறது.

5 வயது தொடக்கம் 11 வயது வரையான பிள்ளைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இந்தச் சிரமம் இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அப்படியென்றால் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேர் இருக்கக்கூடும். பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளுக்கு வருவதற்கான வாய்ப்பு அதிகம். தாய் வளர்த்த முறையால் இது வருவதில்லை. ஆகவே தாய்மாரே, உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதைக் குணப்படுத்தும் மாத்திரையோ ரொனிக்கோ கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி யாராவது விற்றால் காசைக் கொடுக்க வேண்டாம். சரியான முறையில் பழக்கினால் பிள்ளை முன்னேறும். சில சிரமங்கள் வளர்ந்த பின்னும் இருக்கக்கூடும். ஆனாலும் அவற்றைச் சமாளித்துப் படித்து, தொழில் செய்து வாழ முடியும்.

எழுத்துச் சிக்கல் எல்லாம் டிஸ்பிரக்சியா அல்ல

எங்கள் பிள்ளைகள் கடந்துவந்த காலம் சாதாரணமானதல்ல. அவர்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் பதுங்குகுழியிலும் பிறகு முகாமின் தறப்பாள் கொட்டிலிலும் படித்தவர்கள். ஆகவே பின்வருவனவற்றையும் கவனியுங்கள்.

படிப்பு விடுபட்டது: மாதக்கணக்கில் பென்சில் பிடிக்காத பிள்ளையின் எழுத்து கோணலாக இருப்பது இயல்பு. ஒழுங்காகப் பாடசாலை போகத் தொடங்கிச் சில மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரிந்தால், அது பெரும்பாலும் பழக்கக் குறைவுதான்.

பார்வை: கொப்பியை முகத்துக்குக் கிட்டப் பிடித்தால், கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்த்தால், முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள்.

மனப்பயம்: திடுக்கிட்டு எழும்புதல், படுக்கையில் சலம் போதல், யாருடனும் கதைக்காமல் ஒதுங்கியிருத்தல் ஆகியவை இருந்தால் பிள்ளையின் மனதுக்கும் உதவி தேவை. பயமும் டிஸ்பிரக்சியாவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

காயம்: தலையில் அடிபட்ட பிள்ளை, உடம்பில் செல் துண்டு உள்ள பிள்ளை, ஒரு பக்கக் கை கால் பலம் குறைந்த பிள்ளை, கை நடுங்கும் பிள்ளை ஆகியோரை வைத்தியரிடம் காட்ட வேண்டும். முன்பு நன்றாகச் செய்த வேலையைப் பிள்ளை இப்போது செய்ய முடியாமல் போனால் தாமதிக்க வேண்டாம். டிஸ்பிரக்சியா சிறு வயது தொடக்கமே இருப்பது. திடீரென்று வருவதில்லை.

இடக்கைப் பழக்கம்: இடக்கையால் எழுதுவது குறைபாடு அல்ல. கையை மாற்றும்படி அடித்து வற்புறுத்த வேண்டாம். அது எழுத்தை இன்னும் கடினமாக்கும்.

வீட்டில் பத்து நிமிடப் பழக்கம்

ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்து எழுத வைப்பதை விட, ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் பழக்குவது கூடிய பலன் தரும். பிள்ளை விளையாடிக் களைக்கும் முன், வெளிச்சம் உள்ள நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

1. இருக்கை. கால் தொங்கிக்கொண்டிருந்தால் கை நிலைகொள்ளாது. கதிரை உயரமென்றால் பாதத்துக்குக் கீழே இரண்டு செங்கல் வையுங்கள். மேசை இல்லையா? பிள்ளையைச் சுவரோடு சாய்த்துப் பாயில் சம்மணமிட்டு இருத்துங்கள். முன்னால் கவிழ்த்த மரப்பெட்டி ஒன்றை வைத்தால் போதும். முழங்கை அதில் பட வேண்டும்.

2. கொப்பி. வலக்கையால் எழுதும் பிள்ளைக்குக் கொப்பியின் மேற்பகுதி சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். எழுதாத கை கொப்பியை அழுத்திப் பிடிக்க வேண்டும். பல பிள்ளைகள் இதை மறந்துவிடுவார்கள்.

3. பென்சில். பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி, பென்சில் கூரிலிருந்து இரண்டு விரல் அகலம் மேலே சுற்றிக் கட்டுங்கள். பிடி தடிப்பாகும், விரலும் வழுக்காது. அழுத்தி எழுதும் பிள்ளையாயின் தாளுக்குக் கீழே பழைய பத்திரிகையை மடித்து வைத்து, "தாள் கிழியாமல் எழுதுவமா?" என்று விளையாட்டாகக் கேளுங்கள்.

4. முதலில் மணலில். ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தோம் அல்லவா? அதே முறைதான். ஒரு தட்டில் மணலைப் பரப்பி, விரலால் பெரிதாக எழுத விடுங்கள். மணலை உங்கள் வளவுக்குள், மிதிவெடி அகற்றியதாக உறுதிசெய்யப்பட்ட இடத்திலிருந்து மாத்திரம் எடுங்கள். மண்ணுக்குள் தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல் அறிவியுங்கள்.

5. இலகுவான வடிவத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளைக்கு "அ" கடினமான எழுத்து. அதில் சுழியும் வளைவும் நேர்கோடும் உண்டு. "ட" இலகு: மேலிருந்து கீழே, பிறகு வலப்பக்கம். அடுத்து "ப": கீழே, வலப்பக்கம், மேலே. அதன் பின் "ம", "ய". பிறகு "வ", "ல". சுழி கூடிய "ன", "ண" போன்றவை இன்னும் பிறகு. கை போகும் திசையைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு புது எழுத்து போதும்.

6. எழுத்தை உடனே சொல்லாக்குங்கள். ட, ப, ம மூன்றும் வந்துவிட்டால் பிள்ளை "படம்" எழுதலாம், "பட்டம்" எழுதலாம். தனி எழுத்தை நூறு தரம் எழுதுவதை விட, தான் ஏற்றும் பட்டத்தின் பெயரை மூன்று தரம் எழுதுவது பிள்ளைக்குப் பிடிக்கும்.

7. கோடும் இடைவெளியும். கொப்பியின் அடிக்கோட்டை நிறப் பேனையால் தடிப்பாக்குங்கள். எழுத்து அதில் "இருக்க" வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் எழுதட்டும். ஒரு சொல் முடிந்ததும் எழுதாத கையின் சுட்டுவிரலை வைத்து, அந்த அகலம் விட்டு அடுத்த சொல்லைத் தொடங்கலாம்.

8. பிழையைத் தேடாதீர்கள். வரி முடிந்ததும் "இதில் எது வடிவாக வந்திருக்கு?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். அந்த எழுத்தைச் சுற்றி அவனே வட்டம் போடட்டும். "ஏன் இது நல்லா வந்தது?" என்றும் கேளுங்கள். "மெதுவாக எழுதினேன்", "கோட்டில் நின்றது" என்று அவன் சொல்லும் மறுமொழி அடுத்த வரிக்கு அவனுடைய திட்டமாகும். கை நோகிறது என்றால் நிறுத்துங்கள்.

வீட்டு வேலையும் ஒரு பாடம்

முருங்கையிலை உருவுதல், றொட்டிக்கு மா குழைத்தல், தேங்காய்ப்பால் பிழிதல், பூக் கட்டுதல், கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுதல் ஆகியவற்றில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை கைக்குப் பழக்கமும் மனதுக்கு நம்பிக்கையும் தரும். ஆனால் அவை மட்டும் எழுத்தைச் சீராக்கா. எழுத்து வர எழுத்தைத்தான் பழக வேண்டும்.

தெறி பூட்டுவதையும் படிப்படியாகப் பழக்கலாம். நான்கு தெறியை நீங்கள் பூட்டி, கடைசித் தெறியைப் பிள்ளைக்கு விடுங்கள். அது வந்த பின் கடைசி இரண்டை விடுங்கள். அம்மம்மா பாசத்தில் தீத்திவிடுவது வழக்கம்தான். ஆனாலும் சிந்தினால் பரவாயில்லை, பிள்ளையே சாப்பிடட்டும் என்று அவரிடம் அன்பாகச் சொல்லுங்கள். அக்காவின் கொப்பியைக் காட்டி "இதைப் பார்" என்று ஒப்பிட வேண்டாம். அவன் தன்னுடைய போன மாதக் கொப்பியோடு மட்டும் போட்டி போடட்டும்.

ஆசிரியருடன் கதைப்பது எப்படி?

ஆசிரியரும் உங்களைப் போல் இடம்பெயர்ந்து திரும்பியவராக இருக்கலாம். தளபாடம் போதாத கட்டடத்தில் நிறையப் பிள்ளைகளைப் பார்க்கிறார். முறைப்பாடாகப் போகாமல், உதவி கேட்டுப் போங்கள். பாடம் நடக்கும் நேரத்தைத் தவிர்த்து, பாடசாலை விட்ட பின் சந்தியுங்கள். இப்படித் தொடங்கலாம்:

"ரீச்சர், தம்பியிட்டக் கேள்வி கேட்டா வாயால மறுமொழி சொல்லுறான். எழுதச் சொன்னாத்தான் கஷ்டப்படுறான். தெறி பூட்டவும் அவனுக்குக் கஷ்டம். படிக்க விருப்பமில்லாமல் இல்லை. வீட்டில ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் எழுத்துப் பழக்கிறம். ஒரு கிழமைக்கு அவனை வாயாலயும் மறுமொழி சொல்ல விட்டுப் பாருங்கோ."

ஆசிரியரிடம் கேட்கக்கூடியவை:

• பிள்ளையைக் கரும்பலகைக்கு நேரே, முன்வரிசையில் இருத்துதல்.
• பத்து வரியில் முக்கியமான நான்கு வரியை மட்டும் எழுத விடுதல். மீதியை நண்பரின் கொப்பியைப் பார்த்து வீட்டில் அம்மாவோ அண்ணாவோ எழுதிக் கொடுக்கலாம்.
• எழுதி முடிக்க மேலதிக நேரம் கொடுத்தல்.
• மறுமொழி சரியா என்பதற்கு ஒரு புள்ளி, எழுத்தின் அழகுக்கு வேறு புள்ளி என்று பிரித்துப் பார்த்தல்.
• இடைவேளையில் மறித்து வைத்து எழுத வைக்காமல் இருத்தல். மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவது இவனுக்கு மிகவும் தேவை.

எழுத்துக் கோணல் என்று அடிப்பது எந்தப் பிள்ளையின் கையையும் திருத்தாது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே சுற்றுநிருபம் மூலம் அறிவித்துள்ளது. உங்கள் பிள்ளை அடிவாங்கினால் அதிபரிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். அதே நேரம், வீட்டிலும் நாங்கள் அடிப்பதை நிறுத்த வேண்டும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையோ க.பொ.த. சாதாரண தரமோ நெருங்கும்போது மட்டும் ஓடித் திரியாதீர்கள். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திக்கான ஒழுங்குகள் பற்றி அதிபரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். அதற்கு வைத்திய அறிக்கை தேவைப்படும் என்பதால் இப்போதே பிள்ளையைக் காட்டி வைப்பது நல்லது.

யாரிடம் காட்டுவது?

முதலில் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். அவர்கள் மாவட்ட வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் உள்ள வைத்தியசாலையாயின் எழுதவும் உடுக்கவும் உண்ணவும் பழக்கும் முறைகளை அவர் காட்டித்தருவார். அரச வைத்தியசாலையில் இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. பாடசாலை தொடர்பான உதவிக்கு, வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை அதிபர் மூலம் அணுகலாம்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் பழைய கொப்பி ஒன்று, புதிய கொப்பி ஒன்று, பிறப்புச் சான்றிதழ், சுகாதார விருத்திப் பதிவேடு. ஆவணங்கள் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். பிள்ளை எத்தனை மாதத்தில் பிறந்தது, எப்போது நடந்தது, எப்போது பேசியது, எங்கே காயப்பட்டது என்பவற்றை நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

தூரமும் பஸ் காசும் பெரிய தடை என்பது எங்களுக்குத் தெரியும். வைத்தியரைக் காணும் வரை வீட்டுப் பழக்கத்தை ஒத்திப்போட வேண்டாம். இந்தப் பாடத்தில் சொன்ன பழக்கங்கள் டிஸ்பிரக்சியா இல்லாத பிள்ளைக்கும் தீங்கு செய்யா.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

பிள்ளைக்கும் விளக்கம் வேண்டும். விளக்கம் இல்லாவிட்டால் வகுப்பில் கேட்ட பெயரையே அது உண்மையென்று நம்பும். எளிமையாகச் சொல்லுங்கள்: "உனக்கு மூளை நல்லா வேலை செய்யுது. மூளை சொல்லுறதைக் கை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்குது. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கைக்குப் பழக்குவம். கஷ்டமாக இருந்தால் சொல்லு, நான் ஏசமாட்டன்." சொன்னபடி ஏசாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. கூரை ஒழுகும் வீட்டில், வேலை தேடி அலைந்து வந்த மாலையில், பொறுமை குறைவது மனித இயல்பு. அப்படியான நாளில் பழக்கத்தை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இருந்து ஒரு கதை கேளுங்கள்.

குடும்பமாகக் கதைத்துப் பாருங்கள்

1. எங்கள் பிள்ளை வாயால் நன்றாகச் செய்து, கையால் சிரமப்படும் விடயங்கள் எவை?
2. பிள்ளைக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ஏதும் உண்டா? அதை இன்றே விட முடியுமா?
3. பத்து நிமிடப் பழக்கத்தை எந்த நேரத்தில், யார் செய்விப்பது?
4. ஆசிரியரைச் சந்திக்க யார் போவது, எந்த நாள்?

இந்தக் கிழமைக்கான வேலை

இன்று பிள்ளையை ஒரு தாளில் தன் பெயரையும் ஒரு வசனத்தையும் எழுதச் சொல்லி, திகதியிட்டு, இந்தக் கையேட்டுக்குள் மடித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வசனத்தை மீண்டும் எழுதச் சொல்லி, இரண்டு தாளையும் பிள்ளையோடு இருந்து பாருங்கள். மாற்றம் சிறிதாக இருக்கலாம். ஒரு எழுத்து கோட்டில் நின்றிருந்தாலும் அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். எங்கள் கள உத்தியோகத்தர் உங்கள் கிராமத்துக்கு வரும்போது அந்த இரண்டு தாளையும் அவரிடமும் காட்டலாம்.